கணவனையும் கணக்கில் சேர்த்தவள்

உங்கள் வரிப்பணம் வீணாவதை நீங்கள் விரும்புகிறீர்களா? ஆம் அல்லது இல்லை என்று மட்டும் சொல்லுங்கள். விளக்கமெல்லாம் வேண்டாம்.

'இல்லை' என்றுதானே சொன்னீர்கள்? மிக்க நன்றி. உங்கள் தெருவுக்கு வரும் பஸ்ஸை நிறுத்தச் சம்மதம் கொடுத்துவிட்டீர்கள்.

பதறாதீர்கள். உங்களைவிட விவரமானவர்களெல்லாம் இதில் வழுக்கி விழுந்திருக்கிறார்கள். இந்தக் கேள்வியை வேலையாக ஊரெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தவள் ஒருத்தி இருக்கிறாள். தெருவே அவளை ரேடியோ என்றுதான் கூப்பிடும். எழுந்ததும் பேச ஆரம்பித்தால் கண் மூடும்போதுதான் ஓயும் வாய் அது. புருஷன் அரசு பஸ் டிப்போவில் மெக்கானிக். நாத்தனார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். சைக்கிள் கடைக்கு மேலே ஒரு சின்ன வீட்டில் மூவரும் குடியிருந்தார்கள். நாத்தனாருக்கு எப்போதும் விடிகாலை ஷிஃப்ட். முதல் பஸ்ஸைத் தவறவிட்டால் அன்றைக்கு வேலை போச்சு.

ரேடியோ வேலை பார்த்தது ஒரு தொலைபேசிக் கருத்துக்கணிப்பு நிறுவனத்தில். பிளைவுட் தடுப்புகளுக்குள் வரிசையாகப் பெண்கள். பஞ்சு பிய்ந்த ஹெட்போன்கள். 'சிரித்துக்கொண்டே பேசவும், சிரிப்பு காதில் கேட்கும்' என்று சுவரில் ஒரு பலகை. எண்ணைக் கம்ப்யூட்டரே போட்டுக் கொடுக்கும். எதிர்முனையில் யார் என்று பேசுகிறவளுக்குத் தெரியாது. எழுதிக் கொடுத்த கேள்வியில் ஒரு சொல்லையும் மாற்றக் கூடாது. வந்த பதில் 'ஆம்' என்றும் இல்லாமல் 'இல்லை' என்றும் இல்லாமல் இருந்தால் 'கருத்து இல்லை' என்று பதிய வேண்டும். கூரை இல்லாத பஸ் நிறுத்தத்தைப் பற்றி ஒரு பெரியவர் மூச்சு விடாமல் திட்டித் தீர்த்தார். அவரும் கருத்து இல்லாதவராகத்தான் பதிவானார்.

அந்த மாதம் கேள்விகளை அனுப்பியிருந்தது ஓர் ஆய்வு மையம். பெயரிலேயே 'நடுநிலை' என்று பொறித்துக்கொண்ட மையம். அதன் இயக்குநர் ஆளுங்கட்சிப் பொருளாளரின் மைத்துனர். படியளந்தவர்கள் தனியார் பஸ் முதலாளிகள். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை நமக்குப் பழசுதான். இந்த ஓநாய் அழுவதற்கு முன் புள்ளிவிவரம் சேகரித்தது, அவ்வளவுதான் புதுசு.

ரேடியோவுக்கு வாய் சும்மா இருக்குமா? சூப்பர்வைசரிடம் போய் நின்றாள்.

"சார், ஆஸ்பத்திரிக்குப் போக பஸ் வேணுமான்னு கேட்டா எல்லாரும் வேணும்னுதானே சொல்வாங்க?"

"அதனாலதாம்மா அப்படிக் கேக்கறதில்ல" என்றார் அவர். "போய் ஹெட்போன மாட்டு."

மாட்டினாள். அடுத்த அழைப்பை எடுத்த குரலைக் கேட்டதும் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பின்னால் என்ஜின் உறுமல், இரும்பு விழும் சத்தம், நடுவில் "யாருங்க?" என்று ஒரு கத்தல். சாட்சாத் அவள் புருஷன். பேச்செல்லாம் பதிவாகிறது. நான்தான் என்று சொல்ல வழியில்லை. ரேடியோவின் வீட்டுக் குரல் வேறு, வேலைக் குரல் வேறு. வேலைக் குரலிலேயே தொடர்ந்தாள்.

"வணக்கம். உங்கள் பொன்னான நேரத்தில் சில நிமிடங்கள் கிடைக்குமா?"

"கேளுங்க மேடம், கேளுங்க" என்றான் அவன், குழைந்துகொண்டு.

வரிப்பணம் வீணாகலாமா? இல்லை. நஷ்டத்தில் ஓடுவதைச் சீரமைக்க வேண்டுமா? ஆம். தொழில்? அரசு பஸ் டிப்போவில் மெக்கானிக்.

அன்று சாயங்காலம் கிரீஸ் கையைக் கழுவிக்கொண்டே ஆரம்பித்தான். "இன்னைக்கு ஒரு பொண்ணு போன்ல பேசுச்சு. என்ன மரியாதை, என்ன குரல். தேனை ஊத்தின மாதிரி. உனக்கும்தான் இருக்கே ஒண்ணு, தகர டப்பாவ உருட்டின மாதிரி."

நாத்தனார் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டாள். ரேடியோ அப்படியா என்று ஒரு வார்த்தையோடு நிறுத்திக்கொண்டாள். இந்த வேடிக்கையை நாலு நாள் வைத்துத் தின்னலாம் என்று அவளுக்கு நினைப்பு.

வேடிக்கை வினையாகித் திரும்பி வந்தது. சில வாரம் கழித்துப் பேப்பரில் அந்த மையத்தின் அறிக்கை வெளியானது: டிப்போவை மூடிவிட்டு, விடிகாலை பஸ்களை நிறுத்திவிட்டு, வழித்தடங்களைத் தனியாருக்குக் கொடுக்க வேண்டுமாம். பெருவாரியான மக்கள் ஆதரவாம். அடுத்த வாரமே சட்டமன்றத்தில் மசோதா. அறிக்கையின் வாசகம் அப்படியே, ஒரு காற்புள்ளிகூட இடம் மாறாமல். ஓட்டுப் போட்டு நாம் அனுப்பியவர்கள் எழுத வேண்டிய சட்டத்தை, யாருமே ஓட்டுப் போடாத ஒருவர் குளிர்சாதன அறையில் உட்கார்ந்து எழுதி அனுப்பியிருந்தார்.

மெக்கானிக் பேப்பரைச் சுருட்டித் தரையில் அடித்தான். "இதைப் பாரு. 'டிப்போ ஊழியர்களே ஆதரிக்கிறார்கள்'னு போட்டிருக்கான். எவன் அவன்? எங்களுக்குள்ளயே இருந்துகிட்டுக் குழி பறிச்ச துரோகி? டிப்போவே வலைபோட்டுத் தேடுது. மாட்டட்டும், தோலை உரிச்சிடறேன்."

ரேடியோ கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள். தொண்டையைச் சரி செய்துகொண்டாள்.

"வணக்கம். உங்கள் பொன்னான நேரத்தில் சில நிமிடங்கள் கிடைக்குமா?"

அவன் முகத்தில் ஈயாடவில்லை. நாத்தனார் சிரித்த சிரிப்பில் கீழே சைக்கிள் கடைக்காரர் அண்ணாந்து பார்த்தார்.

"தேன்... நீதானா?"

"தகர டப்பாவேதான்."

"அடிப்பாவி. ஒரு இருமல் இருமியிருக்கக் கூடாதா?"

"நீங்கதான் கேளுங்க மேடம், கேளுங்கன்னு உருகினீங்களே."

"சொந்தக் காசுல சூனியம் வெச்சுக்கறதுன்னு கேள்விப்பட்டிருக்கேன் அண்ணா" என்றாள் நாத்தனார். "நீ ஓசியிலயே வெச்சுக்கிட்டே." சிரிப்பு அடங்கியதும் அவளே கேட்டாள். "சரி அண்ணி, முதல் பஸ் நின்னா நான் எப்படிப் போறது? நடந்தா?"

அந்தக் கேள்விக்கு ஆம், இல்லை என்று பதில் சொல்ல முடியாது. அதுதான் ரேடியோவை எழுப்பிவிட்டது.

மசோதாவைப் பற்றிச் சட்டமன்றக் குழு ஒன்று பொது விசாரணை நடத்தியது. யார் வேண்டுமானாலும் போய்ப் பேசலாம். போவதற்குத்தான் யாரும் இருப்பதில்லை. ரேடியோ விடுப்புப் போட்டுவிட்டுப் போய் முன்வரிசையில் உட்கார்ந்தாள். பின்வரிசையில், கிரீஸ் உடுப்புகளுக்கு நடுவே, மெக்கானிக் தலையைக் குனிந்தபடி இருந்தான்.

இயக்குநர் திரையில் வண்ண வண்ணமாக வட்டங்கள் காட்டிப் பேசி முடித்தார். ரேடியோவின் முறை வந்தது. எழுந்தாள்.

"ஐயா, நான்தான் அந்தக் கேள்விகளைப் போன்ல கேட்டவ. பேச்செல்லாம் பேசப் போறதில்ல. அதே மாதிரி உங்ககிட்டயும் ரெண்டு கேட்டுக்கலாமா?"

குழுத் தலைவர் ஆளுங்கட்சிக்காரர். ஆனால் மனிதர் கொஞ்சம் ரசிகர். கேளுங்கள் என்றார்.

வேலைக் குரலை எடுத்தாள் ரேடியோ. "வணக்கம். பொதுமக்களின் நேரம் கூட்டங்களில் வீணாவதை நீங்கள் விரும்புகிறீர்களா? ஆம் அல்லது இல்லை."

"இல்லை."

"உங்கள் தொழில்?"

"சட்டமன்ற உறுப்பினர்."

"மிக்க நன்றி. இந்தக் குழுவைக் கலைத்துவிட வேண்டும் என்பதைச் சட்டமன்ற உறுப்பினர்களே ஆதரிக்கிறார்கள்."

மண்டபம் குலுங்கியது. தலைவரே சிரித்துவிட்டார். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்து மேசையைத் தட்டியவர் எதிர்க்கட்சி உறுப்பினர்.

"நீங்க ரொம்பச் சிரிக்காதீங்க ஐயா" என்றாள் ரேடியோ, வீட்டுக் குரலுக்குத் திரும்பி. "போன வருஷம் உங்க கட்சி மையத்துக்கும் நாங்கதான் கேட்டோம். போன் பண்ற ஹாலு எல்லாருக்கும் ஒண்ணுதான். அப்போ ஆம்னு சொல்ல வெச்சோம், இப்போ இல்லைன்னு சொல்ல வெக்கறோம்."

தட்டிய கை மேசையிலேயே நின்றுவிட்டது.

பின்வரிசையில் மெக்கானிக் எழுந்தான். "டிப்போ ஊழியர்கள்னு போட்டிருக்கறது நான் ஒருத்தன்தாங்க. நான் சொன்னது வரிப்பணத்தைப் பத்தி. பஸ்ஸைப் பத்தி என்னை யாரும் கேக்கவே இல்ல." இந்த இடத்தில் டிப்போக்காரர்கள் அவன் தோலை உரித்திருக்க வேண்டும். முதுகில் ஓங்கித் தட்டியதோடு விட்டுவிட்டார்கள்.

குழு மசோதாவைத் திருப்பி அனுப்பியது. எந்த ஆய்வு அறிக்கை வந்தாலும், கேட்ட கேள்விகளும் பணம் கொடுத்தவர் பெயரும் முதல் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று ஒரு வரியும் எழுதியது. அதோடு எல்லாம் முடிந்துவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். ஓநாய்கள் அவ்வளவு சீக்கிரம் சைவமாகிவிடுவதில்லை. ஆனால் முதல் பஸ் இன்றைக்கும் ஓடுகிறது. நாத்தனார் அதில் ஜன்னலோரம் தூங்கிக்கொண்டே போகிறாள்.

ரேடியோவுக்கு வேலை போனது. சூப்பர்வைசர் போனில் சுற்றி வளைத்துச் சொல்லிக்கொண்டிருந்தபோது, "ஆம் இல்லைன்னு மட்டும் சொல்லுங்க சார், நான் நாளைக்கு வரணுமா?" என்று கேட்டாளாம். இப்போது பஸ் நிலையத்தில் மைக் முன்னால் உட்கார்ந்து பஸ் வருவதையும் போவதையும் அறிவிக்கிறாள். மெக்கானிக் பக்கத்தில் நிற்பவரையெல்லாம் இடித்து, "கேளுங்க, தேனை ஊத்தின மாதிரி இல்ல?" என்கிறான்.

அடுத்த முறை உங்கள் போன் அடித்து, இனிக்க இனிக்க ஒரு குரல் உங்கள் கருத்தைக் கேட்கும். சட்டென்று பதில் சொல்லிவிடாதீர்கள். யார் பணத்தில் கேட்கிறீர்கள், என் பதிலை எதற்குப் பயன்படுத்தப் போகிறீர்கள் என்று முதலில் நீங்கள் கேளுங்கள். 'ஆய்வு சொல்கிறது' என்று உங்கள் சட்டமன்ற உறுப்பினர் மேடையில் முழங்கினால், கேள்வித்தாளைக் காட்டச் சொல்லுங்கள். பொது விசாரணை என்று பேப்பரின் மூலையில் ஒரு சின்ன அறிவிப்பு வந்தால், தயவுசெய்து போய் முன்வரிசையில் உட்காருங்கள். அந்த நாற்காலிகள் காலியாகத்தான் கிடக்கின்றன.