பதினேழாவது படம்

எங்கள் மயிலாப்பூர் வீட்டில் துணி பீரோவின் கதவைத் திறந்தால், உட்புறத்தில் ஒரு வரைபடத் தாள் ஒட்டியிருக்கும். என் கணவர் அரசு அலுவலகம் ஒன்றில் பாலங்களுக்கும் சாலைகளுக்கும் வரைபடம் தீட்டும் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர்; அவருடைய கையெழுத்து அச்செழுத்தைப் போல நிமிர்ந்து நிற்கும். அந்தத் தாளில் ஒன்று முதல் பதினாறு வரை எண்களும், அவற்றுக்கு எதிரே ஆங்கிலப் படப் பெயர்களும் இருந்தன. லண்டனிலிருந்து உலகத்தைக் காப்பாற்றக் கிளம்பும் ஓர் உளவாளியின் கதைகள் அவை. என் கணவருடைய வாலிபத்தில் தொடங்கி, நடிகர்கள் மாறியும் நாயகன் மாறாமல், முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வந்துகொண்டிருந்தன. அவற்றை வரிசைப்படுத்துவதே ஓய்வுக்காலத்தில் அவர் மேற்கொண்ட பணி. விளையாட்டாகத் தொடங்கியதுதான், ஆனால் அவர் எதையும் விளையாட்டாகச் செய்யத் தெரியாதவர்.

அந்த வரிசையைக் குறித்து அவரோடு வாதிட ஒரே ஒருவர் இருந்தார். சாந்தோம் கடற்கரையில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்து, அதே அலுவலகத்தில் வரைபடங்களுக்கு நகல் எடுக்கும் பிரிவில் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்த நண்பர். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்ததும் அதே உடுப்போடு நேரே எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். பீரோவைத் தாமே திறந்துகொள்ளும் உரிமை அவருக்கு உண்டு.

"இன்னா ஐயரே, ரயில் படத்த கொண்டும்போயி ஏழாவதுல போட்டுகீறே? மனசாட்சி கீதா உனுக்கு?"

"ஐயங்கார்டா. முப்பது வருஷமா சொல்லிண்டிருக்கேன்."

"அத்த வுடு. ரயில் படம் இன்னா பாவம் பண்ணிச்சு?"

"வில்லன் ரயில்ல ஏறவே முக்கால் மணி நேரம் ஆறது. அதான்."

"நீ இன்னா டிக்கெட் செக்கரா?"

நான் அடுக்களையிலிருந்து கேட்டுக்கொண்டிருப்பேன். எனக்கு அந்தப் படங்களில் ஒன்றுகூடத் தெரியாது. ஆழ்வார்களின் பாசுரங்களைப் பன்னிரண்டு வயதிலிருந்து பாடம் செய்தவள் நான். எங்கள் தெருவில் பதினொரு பெண்கள் என்னோடு சேர்ந்து பாசுரங்களை ஓதிச் சேவிக்க வருவார்கள். ஒருநாள் என் கணவர் என்னைக் கேட்டார்: "உன் நாலாயிரத்துல எது மொதல்?" பாசுரங்களில் முதல், இடை, கடை என்று பிரிப்பது அபசாரம் என்றேன். "பிடிச்சது ஒண்ணு இருக்கும். சொல்ல பயப்படறே" என்று சிரித்தார். அவர் சொன்னது உண்மை. இன்றுவரை அந்த ஒன்றை நான் எவரிடமும் சொன்னதில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் அவருக்குக் கண் கெடத் தொடங்கியது. நெடுநாளாக இருந்த சர்க்கரை நோய் விழித்திரையைத் தின்றுகொண்டிருந்தது. முதலில் இடக்கண் போயிற்று. தியாகராய நகரில் கண் மருத்துவர் ஒருவர் வலக்கண்ணுக்கு இருமுறை ஒளிச்சிகிச்சை செய்துவிட்டு, என்னிடம் தனியாகச் சொன்னார்: "அம்மா, இது நிக்கலாம், நிக்காமலும் போகலாம். எப்பன்னு என்னால சொல்ல முடியாது. அவர் என்ன பார்க்கணும்னு ஆசைப்படறாரோ, அதைத் தள்ளிப்போடாதீங்க." மருத்துவர் திவ்விய தேசக் கோயில்களைச் சொல்கிறார் என்றே நான் எடுத்துக்கொண்டேன். என் கணவரைக் காஞ்சிக்கும் திருவள்ளூருக்கும் அழைத்துச் சென்றேன். சந்நிதியில் நின்று அவர் நெடுநேரம் பார்த்தார். மறுப்புச் சொல்லாமல் வந்தார். ஆனால் அவர் பார்க்க விரும்பியது வேறொன்று.

அந்தத் தொடரில் சில ஆண்டுகளாகப் படமே வரவில்லை. இனி வராது என்றுகூடப் பேசிக்கொண்டார்கள். அப்படியிருக்கையில் புதிய நடிகரோடு ஒரு படம் வருவதாகச் செய்தி வந்தது. பதினேழாவது. அவர் பேச்சில் அன்றிலிருந்து வேறு பொருளே இல்லை. பதினேழையும் தன் கண்ணால் பார்த்து வரிசையை முடித்துவிட வேண்டும். அதற்குப் பிறகு கண் இருந்தாலும் சரி, போனாலும் சரி என்றார்.

படம் அண்ணா சாலைத் தியேட்டருக்கு வந்தபோது மார்கழி பிறந்திருந்தது.

எங்கள் வீட்டில் மார்கழி முப்பது நாளும் வெங்காயம், பூண்டு, சினிமா மூன்றும் வாசற்படி ஏறா. நோன்பு என்னுடையது, ஆனால் மணமான ஆண்டிலிருந்து அவரும் அதைக் காத்து வந்தார். நான் கேட்டதில்லை. நான் விடியலில் பாசுரம் தொடங்கும்போது அவரும் எழுந்து, குளித்து, கூடத்தின் ஓரத்தில் உட்கார்ந்துகொள்வார். அந்த ஆண்டுதான் முதன்முறையாக விலக்குக் கேட்டார்.

"இங்கிலீஷ் படம் நிக்காது. ரெண்டு வாரத்துல தூக்கிடுவான்."

"தை பொறக்கட்டும். முப்பது நாள்தானே?"

"என் கண்ணும் தை வரைக்கும் காத்துண்டிருக்கணுமே."

"பெருமாள் பாத்துப்பார்."

மறுநாள் நண்பர் வந்தார். படத்தை முதல் வாரத்திலேயே அவர் பார்த்துவிட்டிருந்தார். எப்படி இருந்தது என்று என் கணவர் எவ்வளவோ கேட்டும் வாய் திறக்கவில்லை. "நான் சொல்ல மாட்டேன். நான் ஒரு நம்பர் சொன்னா அது உன் மண்டையில குந்திக்கும். நீ பாத்துட்டு சொல்லு, அப்பால நான் சொல்றேன்" என்றார். பிறகு அடுக்களை வாசலுக்கு வந்து, தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

"மாமி, ரெண்டரை மணி நேரந்தான். நான் கூட்டிம்போயி கூட்டியாந்துட்றேன். உங்க சாமி இதுக்கெல்லாம் கோச்சிக்காது."

"சாமி கோச்சுக்கறதுக்காக இல்லை. சங்கல்பம்னு ஒண்ணு இருக்கு."

அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

சங்கல்பம் என்று நான் சொன்னது முழு உண்மையன்று. வயது முதிர்ந்த பின் இதையாவது ஒளிக்காமல் எழுத வேண்டும். என்னிடம் சேவிக்க வந்த பதினொரு பெண்களில் எவராவது, அல்லது அவர்கள் வீட்டு ஆண்களில் எவராவது, மார்கழியில் என் கணவரைத் தியேட்டர் வாசலில் கண்டுவிடுவார்களோ என்றுதான் அஞ்சினேன். "கோஷ்டியை நடத்தறவா ஆத்துலயே இப்படி" என்ற ஒரு சொல்லை என்னால் தாங்கியிருக்க முடியாது. அந்த அச்சத்துக்கு நோன்பின் பெயரைச் சூட்டினேன்.

கூடாரவல்லியன்று காலை. மார்கழி முடிய மூன்று நாள் இருந்தது. பெண்கள் எல்லோரும் கூடத்தில் அமர்ந்து சேவித்துக்கொண்டிருந்தார்கள். நெய் வழியும் அக்காரவடிசிலைத் தளிகைப் பாத்திரத்தோடு நான் கூடத்துக்கு எடுத்து வந்தபோது, ஓரத்தில் இருந்த என் கணவர் வலக்கையை முகத்துக்கு நேரே உயர்த்தி, விரல்களை விரிப்பதும் மூடுவதுமாக இருந்தார்.

"என்ன ஆச்சு?" என்றேன்.

"இண்டியன் இங்க் தண்ணில விழுந்தா எப்படி இறங்கும், பாத்திருக்கியோ? அந்த மாதிரி கறுப்பா இறங்கிண்டிருக்கு" என்றார். குரலில் பதற்றம் இல்லை. நான் பாசுரத்தை நடுவில் நிறுத்தப் போனேன். கையால் 'தொடரு' என்று காட்டினார். நானும் தொடர்ந்தேன். அதை நினைக்கும்போதெல்லாம் இப்போதும் என் உடல் கூசுகிறது.

மருத்துவர் செய்யக்கூடியதை எல்லாம் செய்தார். உள்ளே கசிந்த குருதி கரையவில்லை. வெளிச்சமும் இருளும் மட்டும் அவருக்குப் பிரிந்து தெரிந்தன. பொங்கல் பானைக்கு அவர் மஞ்சள் கொத்துக் கட்டியபோது, கயிற்றின் முனையைத் தேடி அவர் விரல்கள் பானையைச் சுற்றிச் சுற்றி வந்தன.

தை மாதம் இரண்டாவது வாரத்தில் நண்பர் வந்து, சைதாப்பேட்டையில் ஒரு சிறு தியேட்டரில் அந்தப் படத்தைப் பகல் காட்சியாக மூன்று நாள் போடுவதாகச் சொன்னார். சொல்லிவிட்டுச் சொன்னதற்காக வருந்தியவர்போல் தரையைப் பார்த்தார். என் கணவர் உடனே எழுந்துவிட்டார்.

"போலாம். இவ வந்து எனக்குச் சொல்லட்டும்."

"நானா?" என்றேன். "அவர்தானே பாத்தவர். அவரே சொல்லட்டுமே."

"அவன் வேண்டாம். அவன் சொன்னா அவன் போட்ட மார்க்கும் சேர்ந்து வரும். உனக்கு ஒண்ணும் தெரியாது. நீ பாக்கறதை அப்படியே சொல்லு."

மூவரும் ஆட்டோவில் போனோம். டிக்கெட் கொடுப்பவர் என் ஒன்பது கஜத்தையும் நெற்றியையும் சன்னல் துவாரத்தின் வழியே பார்த்தார்.

"இங்கிலீஷ் படம்மா இது. தெரிஞ்சிதான் வந்தீங்களா? சாமி படம் அடுத்த வாரம்."

"தெரியும்பா. மூணு குடு" என்றார் என் கணவர்.

நான் நடுவில் அமர்ந்தேன். ஒருபுறம் அவர், மறுபுறம், எதையும் சொல்லிவிடக் கூடாது என்று கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு நண்பர். படம் தொடங்கியது. ஒரு பாசுரத்தைப் பதம் பிரித்து நிதானமாகப் பொருள் சொல்லிப் பழகிய நாக்கு என்னுடையது. திரை எனக்காகக் காத்திருக்கவில்லை. ஒருவன் மலையிலிருந்து குதித்தான் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அவன் வேறு ஊரில், வேறு உடையில், ஒரு பெண்ணோடு பேசிக்கொண்டிருந்தான்.

"இப்ப என்ன?"

"ஒரு பெரிய மாளிகை. நிறைய பேர் சீட்டாடறா."

"வில்லன் வந்துட்டானா?"

"தெரியலையே. எல்லாரும் கோட்டு போட்டுண்டு இருக்கா."

"சிரிக்கறவன் யாரு? சிரிச்சுண்டே பேசறவன்தான் வில்லன்."

"ரெண்டு பேர் சிரிக்கறா."

நண்பர் தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. திரையில் எதுவோ வெடித்தது. அந்த வெளிச்சம் மட்டும் என் கணவருக்கு எட்டியிருக்க வேண்டும். முகத்தைச் சட்டென்று அதன் பக்கம் திருப்பினார். அது அணையும்வரை இமைக்கவில்லை.

பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது: "யோவ், இன்னா பெருசு, தியேட்டர்ல ரேடியோ வெச்சிகினு கீறே?"

"ஆமாம்பா. எனக்கு ரேடியோதான்" என்றார் என் கணவர், தலையைத் திருப்பாமலே. நண்பர் எழுந்து பின்னால் போய் ஏதோ சொன்னார். அதற்குப் பிறகு அங்கிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

கடைசி அரை மணி நேரம் என்னால் எதையும் சொல்ல இயலவில்லை. ஓடினார்கள், சுட்டார்கள், தொங்கினார்கள். "ஓடறா. சுடறா" என்றே திரும்பத் திரும்பச் சொன்னேன். அவர் என் கையைத் தட்டி, "போறும். மூச்சு விடு. சத்தத்தை வெச்சுப் புரிஞ்சுக்கறேன்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் நண்பர் பீரோவைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றார். "சொல்லு ஐயரே. எத்தினியாவது?"

அவர் கட்டிலில் அமர்ந்தார். "இவ சொன்னது நன்னா இருந்துது. ஆனா நான் கேட்டது இவ சொன்ன கதை. படத்தை நான் பாக்கலை. அதுக்கு எடம் போட முடியாது."

"கடைசியிலயாவது போடுங்கோ" என்றேன். என் குரல் எனக்கே கெஞ்சலாகக் கேட்டது.

"ஒருவேளை நல்ல படமா இருந்துட்டா? பாக்காம அதைக் கடைசில தள்ளறது நியாயம் இல்லை." பிறகு நண்பர் நின்ற திசையில் முகத்தைத் திருப்பினார். "இனிமே நீ சொல்லலாம்டா. நான்தான் போடப்போறதில்லையே. உனக்கு எத்தனாவது?"

நண்பர் அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"பதினேழு. கடைசி எடந்தான். வெறும் தண்டம் ஐயரே. புது ஆளுக்கு நடக்கவே தெரியல. நீ பாக்காத வுட்டதே நல்லதாப் போச்சு."

"அப்படியா" என்றார் என் கணவர்.

நண்பர் புறப்பட்டபோது நான் வாசல் கேட்வரை கூடவே போனேன். "நிஜமா எத்தனாவது?" என்று கேட்டேன்.

"இன்னாத்துக்கு மாமி இப்ப?"

"எனக்குத் தெரியணும்."

அவர் தெருவைப் பார்த்தபடியே சொன்னார்: "ரெண்டு. சில நேரம் ஒண்ணாவே போட்டுடலாமான்னு தோணுது. ஐயரு மட்டும் பாத்திருந்தான்னா, ஒரு மாசத்துக்கு நம்ம ரெண்டு பேரையும் தூங்க வுட்ருக்க மாட்டான்."

நான் உள்ளே வந்தபோது என் கணவர் அதே இடத்தில், அதே நிலையில் அமர்ந்திருந்தார்.

"என்ன சொன்னான்?"

"அதேதான். தண்டமாம்."

அவர் கையை நீட்டினார். நான் அருகில் போய் அதைப் பிடித்துக்கொண்டேன்.

"அவனுக்குப் பொய் சொல்ல வராது. பதினேழுன்னு சொல்றச்சே குரல் நடுங்கித்து" என்றார். "பரவாயில்லை. தண்டம்னே இருக்கட்டும். நீயும் அப்படியே நெனச்சுக்கோ."