கொஞ்சம் பாத்துக்கோங்க சார்

மின்ரயிலில் யார் போனிலாவது அந்த 'டுடுங்' சத்தம் கேட்டால் போதும், என் தலை தானாகக் கவிழ்ந்துவிடுகிறது. வீடியோ மீட்டிங்கில் ஆள் நுழையும் சத்தம். போன மாதம் பீர்க்கன்கரணையில் எங்கள் வீட்டில் அது கேட்டது. கூடவே நானும் நுழைந்தேன்.

மகளுக்கு இன்டர்வியூ. அவள் இன்ஜினியரிங் முடித்தபிறகு எங்கள் ஊர் ஏரி இரண்டு முறை நிரம்பி வற்றிவிட்டது. கடைசி ரவுண்டு வரை வந்தது இதுதான் முதல் தடவை. ஃபேனை நிறுத்தினாள். குக்கர் வைக்கக்கூடாது என்று அவள் அம்மாவிடம் சொன்னாள். என்னிடம் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. இவர் என்ன செய்துவிடப்போகிறார் என்று நினைத்திருப்பாள், பாவம்.

நான் இஸ்திரி போட்ட சட்டையோடு கதவோரம் நின்றேன். கீழே லுங்கிதான். எனக்கு வேலை கிடைத்தது இப்படித்தானே? பெரியப்பா ஒரு சீப்பு பழத்தோடு குரோம்பேட்டையில் ஒரு மேனேஜர் வீட்டு வாசலில் நின்று, "நம்ம பையன், கொஞ்சம் பாத்துக்கோங்க சார்" என்று சொல்லி வைத்தார். மறு வாரமே வேலை. இவளுக்குச் சொல்லி வைக்க ஆளில்லை, ஆளில்லை என்று எனக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. ஏன், நான் இல்லையா?

போய் அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்று கைகூப்பினேன்.

"வணக்கம் சார். என் பொண்ணு சார். நல்லா உழைப்பா. கொஞ்சம் பாத்துக்கோங்க சார்."

திரையில் மூன்று பேர். அதில் பெரியவருக்கு முப்பது வயது இருந்தால் அதிகம். ஒரு பையன் சிரிப்பை மென்றுகொண்டு, "ஷ்யூர் அங்கிள்" என்றான். திரையின் மூலையில் சின்னக் கட்டத்தில் என் தொப்பை, என் கும்பிடு, அதற்கு முன்னால் அவள் முகம். அவள் திரும்பவே இல்லை. "ஸாரி சார், அப்பா" என்றாள். 'சார்'க்கும் 'அப்பா'வுக்கும் நடுவில் மூச்சுகூட விடவில்லை.

வேலை கிடைக்கவில்லை.

"உன்னால இல்லப்பா. கோடிங்ல ஒண்ணு சொதப்பிட்டேன்" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல் தட்டைப் பார்த்து. நிஜமா, எனக்காகச் சொன்னதா? கேட்கத் துணிச்சல் இல்லை. அதுதான் இன்னும் கூசுகிறது.

நேற்று அவளுக்குத் திருச்சியில் ஒரு வாக்-இன் இன்டர்வியூ. தாம்பரத்தில் ரயிலேற்றிவிட்டு ஜன்னலருகே நின்றேன். எதிர் சீட்டில் ஒரு அம்மா ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். வண்டி அசைந்தது. என் கைகள் தாமாகக் குவிந்தன, வாய் திறந்தது.

"யப்பா" என்றாள் ஜன்னல் கம்பி வழியே, "அவங்ககிட்டயும் ஆரம்பிச்சிடாத."