பஞ்சு வைத்த கிளவுஸ்

ஞாயிற்றுக்கிழமை கராத்தே வகுப்பில் எனக்கு முதல் ஸ்பாரிங், நேருக்கு நேர் பயிற்சிச் சண்டை. எதிரில் நிற்கப்போவது மச்சினன், என் மனைவியின் தம்பி.

அதற்கு கிளவுஸ் வாங்க இன்று அவளோடு சிம்மக்கல்லில் ஒரு கடைக்குப் போனேன்.

கடைக்காரர் இரண்டு ஜோடி எடுத்து வைத்தார். ஒன்று மெலிசு. இன்னொன்றில் தலையணை மாதிரி பஞ்சு.

அடிக்குப் பயந்து தலையணையைத் தொட்டேன். வழக்கமாக விலையைக் கேட்டதும் முகம் சுளிக்கிறவள், "இதையே எடுங்க, எம்புட்டு பஞ்சு வச்சிருக்கான்" என்றாள்.

கொஞ்சம் நெகிழ்ந்துதான் போனேன்.

பில் போட்டுக்கொண்டே கடைக்காரர் சொன்னார்: "இதப் போட்டு நீங்க எம்புட்டு குத்துனாலும் எதிராளிக்கு வலிக்காதுண்ணே."

"அதுக்குத்தான் எடுக்கச் சொன்னேன். எதிர்ல நிக்கப்போறது எந்தம்பில்ல" என்றாள்.

மச்சினன் போன வாரமே மெலிசு வாங்கிவிட்டானாம். அதை பஸ் ஏறிய பிறகுதான் சொன்னாள்.

ஞாயிறு வேடிக்கை பார்க்க வருகிறவர்கள், யார் பக்கம் என்று இப்போதே சொல்லிவிடுங்கள். வீட்டில் கேட்டுப் பிரயோஜனமில்லை.