எதிர்ப்பக்கத்து ஆடிட்டர்

ஜாம்நகரில் பகல் ஒரு மணிக்குக் கடைக்கதவுகள் இறங்கிவிட்டால், நாலு மணிவரை லட்சுமியே வந்து தட்டினாலும் எவரும் திறக்கமாட்டார்கள். ஊரே குறட்டை விடும் அந்த நேரத்தில், பித்தளைப் பட்டறையின் கணக்கறையில் ஜசுமதிபென் மட்டும் கைபேசியைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்துக்கொண்டு பாடம் கேட்டாள். வணிகக் கணக்கும் நிதி ஆய்வும், முதல் நிலை. எட்டு வாரப் படிப்பு. அவளுக்கு வயது ஐம்பத்தாறு.

ஆசைப்பட்டுச் சேர்ந்ததல்ல. முதலாளி மௌலிக் ஒருநாள் தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றான்.

"ஜசுபென், வெளிநாட்டுக்காரன் பெரிய ஆர்டர் தர்றான். கணக்கு எழுதறவங்களுக்கு சர்டிபிகேட் இருக்கான்னு கேக்கறான். தீபாவளி கழிஞ்சு அஞ்சாம் நாள், லாபபஞ்சமிக்கு புதுக் கணக்குப் புத்தகம் போடறதுக்குள்ள நீங்க வாங்கிட்டா சரி. இல்லேன்னா ராஜ்கோட்லேர்ந்து ஒரு ஆளை உக்கார வைக்கணும். தப்பா எடுத்துக்காதீங்க."

"பதினாலு வருஷமா ஒரு பைசா தப்பினதில்ல. அதுக்கு சர்டிபிகேட்டா, பாய்?"

"எனக்கு வேணாம் ஜசுபென். அவனுக்கு வேணும்."

வேலை போனால் வேறு வேலை பார்த்துக்கொள்ளலாம். கணக்கெழுதத் தரையில் விரித்த இந்த மெத்தையை விட்டு எழுந்திருப்பதுதான் அவளால் ஆகாது. இது அவள் கணவன் லாபசங்கர் உட்கார்ந்த மெத்தை. பெயரில்தான் லாபம், சட்டைப்பையில் எப்போதும் ஓட்டை. அவன் இறந்த பதினாறாம் நாள் மௌலிக்கின் அப்பா அவளை அழைத்து, "அவன் விட்ட வரியிலேர்ந்து எழுதும்மா" என்றார். அன்றிலிருந்து அவன் மெத்தை, அவன் சாய்வுமேசை, அவன் சிவப்புத்துணிக் கணக்கேடான பஹி எல்லாம் அவளுடையவை. அவள் பஹியில் எழுதுவதை ஆடிட்டர் வீட்டில் யாரோ கணினியில் ஏற்றிக்கொள்வார்கள்.

பாடத்தில் பாதி அவளுக்கு அல்வா. ஒரு கம்பெனியின் இருப்புநிலைக் குறிப்பைக் காட்டி, இதற்குக் கடன் கொடுக்கலாமா என்று கேட்டார்கள். ஏட்டில் லாபம் கொழிக்கிறது, சரக்கோ கிடங்கில் தூங்குகிறது. ஜசுமதி ஒரு பார்வை பார்த்தாள்.

"கிடங்குல இருக்கற குழாயை வேகவெச்சு கிச்சடி பண்ண முடியுமா? குடுக்காதே" என்று கைபேசிக்குச் சொன்னாள்.

விகிதம் போட்டுப் பார்த்தபோதும் அதே விடைதான் வந்தது.

இடறியது வேறோரிடத்தில், அதுவும் முதல் படியிலேயே. பஹியில் ஜமா இடப்பக்கம், உதார் வலப்பக்கம். வரவு இடம், பற்று வலம். அவள் கைக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். கைபேசியில் பாடம் நடத்திய கழுத்துப்பட்டை வாத்தியாரோ, பற்று இடம், வரவு வலம் என்று சத்தியம் செய்தார். மூளை தலையாட்டியது, விரல் கேட்கவில்லை. எண்ணெல்லாம் சரி, பக்கமெல்லாம் தப்பு. தேர்வை மூன்று முறைதான் எழுதலாம். முதல் முறை நூற்றுக்கு இருபத்திரண்டு. இரண்டாம் முறை, கவனமாக எழுதி, பத்தொன்பது.

மருமகள் க்ருபாலி சிரித்தே விட்டாள். "கவனமா எழுதினா குறையுது மம்மி. பேசாம தூங்கிட்டே எழுதுங்க."

"சிரி. உங்க கம்ப்யூட்டர்தான் பீச்சாங்கைக்குப் பொறந்தது."

சொன்னாளே தவிர, அன்று ரொட்டி இறங்கவில்லை. தீபாவளி முடிந்துவிட்டது. மறுநாளைக்கு மறுநாள் லாபபஞ்சமி. ஒரு வாய்ப்புதான் மிச்சம்.

மறுநாள் பகலில் கணக்கறைக்கு வந்தவள் உள்ளே போகாமல் வாசலிலேயே நின்றாள். கையில் டிபன் டப்பா இருந்தது. கல்யாணமான புதிதில் தினமும் ஒரு மணிக்கு இப்படித்தான் நிற்பாள். தேப்லா ரொட்டியும் சுந்தா மாங்காய் ஊறுகாயும் மோரும் கொண்டுவருவாள். லாபசங்கர் நிமிரமாட்டான். "ரெண்டு வரி, ரெண்டே வரி" என்பான். அந்த இரண்டு வரி அரைமணி நேரம் ஓடும். மேசைக்கு இந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்து, பொழுது போகாமல், அவன் எழுதுவதைத் தலைகீழாகவே படிக்கப் பழகினாள். அவன் ஒன்றும் கற்றுக்கொடுக்கவில்லை. ஒருநாள் அவளாகவே விரலை வைத்தாள்.

"இங்க எழுபத்தொண்ணு. நீங்க பதினேழுன்னு கூட்டிட்டீங்க."

அவன் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவளை உற்றுப் பார்த்தான். அன்று மோர் வெதுவெதுப்பாகும்வரை சிரித்தார்கள். அதன் பிறகு டப்பாவைத் திறக்குமுன் தினமும் கேட்பான்: "எதிர்ப்பக்கத்து ஆடிட்டர் என்ன சொல்றாங்க?"

எவ்வளவு நல்ல பகல்கள் அவை. அப்போது அது தெரியவில்லை.

நினைத்தபடியே அவள் மேசைக்கு இந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்தாள். பதினாலு வருடமாக இங்கே உட்கார்ந்ததில்லை. எதிரே பஹி திறந்து கிடந்தது. தலைகீழாகப் பார்த்தாள். ஜமா வலப்பக்கம் இருந்தது. உதார் இடப்பக்கம்.

வாத்தியார் சத்தியம் செய்த பக்கங்கள் அவையேதான். பிறகு கைபேசியை எடுத்து மூன்றாம் தேர்வைத் திறந்தாள். எதிரே அவன் எழுதுகிறான், தான் பார்க்கிறோம் என்று வைத்துக்கொண்டாள். விரல் ஒருமுறைகூடத் தடுமாறவில்லை. இடையில் கண் நிறைந்து எண்கள் கலங்கியபோது மட்டும் முந்தானையால் துடைத்துக்கொண்டாள். தொண்ணூற்று மூன்று.

க்ருபாலிக்கு நம்பிக்கை வரவில்லை. "எப்படி மம்மி? எந்தப் பக்கம் தப்புன்னு கண்டுபிடிச்சீங்களா?"

"நான் உக்காந்த பக்கம்" என்றாள் ஜசுமதி.

லாபபஞ்சமியன்று மௌலிக் பேடாவும், சட்டம் போட்ட சான்றிதழுமாக வந்தான். புதுக் கணக்குப் புத்தகத்தில் குங்குமமிட்டு, ஸ்ரீ போட்டு, ஜசுமதி முதல் வரி எழுதிக்கொண்டிருந்தாள். பற்று இடம், வரவு வலம். மேசைக்கு இந்தப் பக்கம் ஒரு பாயில் உட்கார்ந்திருந்தாள். எதிரே மெத்தை தூசி தட்டி, உறை மாற்றி, காலியாக இருந்தது.

"என்ன ஜசுபென், சீட்டை காப்பாத்திட்டு தரையில உக்காந்துட்டீங்க? அங்க யாராவது வர்றாங்களா?"

அவள் நிமிரவில்லை. "ரெண்டு வரி இருக்கு பாய், முடிச்சிடறேன்" என்றாள். பிறகு சொன்னாள்: "அது அப்படியே இருக்கட்டும். நான் எழுதறதை எதிர்ப்பக்கத்துலேர்ந்து பார்க்க ஒரு ஆள் வேணும்."