பூஜ்ஜிய விநாடி டிரில்

அன்று நடந்தவை, வரிசைப்படி:

1. காலை பத்தேகாலுக்கு அடையாறில் எங்கள் தெருவில் மின்சாரம் நின்றது.
2. எங்கள் டயாலிசிஸ் சென்டரில் ஆறு பேர் மெஷினில் இருந்தார்கள்.
3. ஜெனரேட்டர் ஓடவில்லை.
4. ஐந்து மெஷின்களில் ரத்த பம்ப் பேட்டரியில் ஓடியது. ஆறாவதில் பேட்டரி செத்திருந்தது, பம்ப் நின்றது.

ஆறாவதில் இருந்தவர் கஸ்தூரி அக்கா, பட்டினப்பாக்கத்தில் மீன் விற்பவர். குழாயில் நிற்கும் ரத்தம் சில நிமிடங்களில் உறையத் தொடங்கும். உறைந்தால் உடம்புக்குத் திருப்பிச் செலுத்த முடியாது. அவருக்கு ஏற்கெனவே ரத்தம் குறைவு.

நர்ஸ் ஸ்டெல்லா கைப்பிடியை மாட்டிப் பம்பைக் கையால் சுற்ற ஆரம்பித்தார்.

"இன்னாம்மா, கரும்பு ஜூஸ் மிசின் மாரி சுத்திக்கினு கீற?"

"கைய ஆட்டாம படுங்கக்கா. உங்க ஜூஸ்தான்."

நான் அங்கே பயோமெடிக்கல் இன்ஜினியர். பின்பக்கம் ஓடினேன். ஜெனரேட்டர் அருகில் செக்யூரிட்டி முனுசாமி அண்ணன் போனைப் பார்த்தபடி நின்றிருந்தார்.

"ஏண்ணே போடல?"

"மெசேஜ் வரலியே மேடம். டிரில்லுன்னா காலைலயே குரூப்புல போட்டுருவாங்கல்ல?"

"இது டிரில் இல்லண்ணே. நெஜமாவே கரண்டு போச்சு."

"அப்டியா. அதுக்கு இன்னா மெசேஜ் வரும்?"

ஜெனரேட்டர் பேனலில் திருகும் நாப் மேனுவலில் இருந்தது, அதாவது யாராவது கையால் போட்டால்தான் ஓடும். தானாக ஓடவைக்கும் ஆட்டோவுக்குத் திருப்பினேன், ஓடியது. அதுவரை ஸ்டெல்லா ஆறு நிமிடம் சுற்றியிருந்தார். ரத்தம் உறையவில்லை.

நாப் மேனுவலுக்குப் போன கதை இது. மின்சாரத்தை வேண்டுமென்றே நிறுத்திப் பார்க்கும் மாதாந்திர டிரில்லில் முதல் முறை ஜெனரேட்டர் வரப் பதினெட்டு விநாடி ஆனது. "பதினெட்டு செகண்டா? ஆடிட்டர் கேட்டா என்னம்மா சொல்றது? ஜீரோவுக்குக் கொண்டு வாங்க," என்றார் மேனேஜர். முனுசாமி அண்ணன் கொண்டுவந்தார். மெசேஜ் வந்ததும் ஜெனரேட்டரை முன்கூட்டியே ஓடவிட்டு, பிறகு மெயினை அணைப்பார். அதற்கு நாப் மேனுவலில் இருக்க வேண்டும். அங்கேயே தங்கிவிட்டது. மெஷின்களுக்கு மின்சாரம் நிற்கவே இல்லை என்பதால் செத்த பேட்டரியும் தெரியவில்லை. "எதிர்பாராத இடர்களுக்கு முழுத் தயார்" என்ற சான்றிதழைச் சட்டமிட்டு ரிசப்ஷனில் மாட்டினோம்.

டீசல் இன்ஜின் பூஜ்ஜிய விநாடியில் வராது என்பது எனக்குத் தெரியும். பதினொரு மாத டிரில் தாள்களிலும் என் கையெழுத்து இருக்கிறது. நான் கற்றது இவ்வளவுதான்: டிரில் என்பது தப்பு வெளியே வருவதற்காக. தப்பே வராத டிரில்லைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

இன்றைய நிலை: ஆறாவது மெஷினில் புது பேட்டரி. டிரில் எந்த நாள் என்பது ஸ்டெல்லாவுக்கு மட்டும் தெரியும். கடைசி மூன்று டிரில்களில் பதினெட்டு, இருபத்தொன்று, பத்தொன்பது விநாடிகள். பேனலுக்குப் பூட்டுப் போட்டிருக்கிறோம், சாவி ஸ்டெல்லாவிடம். ஆடிட் நெருங்குகிறது என்று மேனேஜர் இரண்டு முறை சாவியைக் கேட்டுவிட்டார். ஸ்டெல்லா இன்னும் கொடுக்கவில்லை.