பதினைந்து அமிலங்களின் வரிசை

எலிக்காய்ச்சலுக்குத் தடுப்பூசி செய்யப்போகிறேன் என்று மூன்று வருடம் ஆய்வுக்கூடத்தில் கிடந்தேன். மழைக்காலத்தில் தம்பானூரில் தேங்கும் தண்ணீரை மிதித்துத்தான் வலியசாலைக்கு வீடு திரும்புவேன், அதனால் அந்தக் காய்ச்சலிடம் எனக்குச் சொந்தப் பயமே உண்டு. கிருமியின் மேலுறையிலிருந்து பதினைந்து அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு துண்டைக் கணினியில் தேர்ந்தெடுத்திருந்தேன். பெப்டைடு என்பது அதுதான். காய்ச்சல் வந்து குணமானவர்களின் ரத்தம் அதை அடையாளம் கண்டுகொண்டால் சோதனைத் தட்டு மஞ்சளாகும். தடுப்பூசிக்கு அது முதல் படி.

மூன்று தடவை செய்தும் தட்டு வெளுத்தே கிடந்தது.

"இனி மதி, கேட்டோ? மாசக் கடைசியில ரிப்போர்ட் தா, நிறுத்திடலாம்" என்றார் என் ஆய்வை வழிநடத்தும் பேராசிரியை. அவருடைய மலையாளத்தில் 'மதி' என்றால் போதும். மூன்று வருடத்தை ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டாரே! எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் வந்தது.

ரிப்போர்ட்டில் சேர்க்க, பெப்டைடு செய்யும் இயந்திரத்தின் பதிவைக் கேட்டுப் போனேன். அதை ஓட்டுபவர் நாகர்கோவில்காரர், எங்கள் எல்லோருக்கும் அண்ணாச்சி.

"எடை கரெக்டா வந்திச்சுல்லா, பொறவு என்னத்துக்கு இந்தத் தாளு?" என்று சலித்துக்கொண்டே நீட்டினார்.

இயந்திரம் கடைசி அமிலத்திலிருந்துதான் கோக்கத் தொடங்க வேண்டும். தாளிலோ முதல் அமிலம் முதலில் இருந்தது. அண்ணாச்சிக்கு வேலை மிச்சமாகட்டும் என்று, அவரிடம் சொல்லாமலே, வரிசையை நானே திருப்பி எழுதிக் கொடுத்திருந்தேன். அதை இப்போது சொன்னேன்.

"நீ திருப்பியா தந்த? ஏ பிள்ள, நானும் எப்பவும் போல திருப்பில்லா போட்டேன்!"

இரண்டு பேரும் திருப்பியதில் துண்டு தலைகீழாகிவிட்டது. உள்ளே இருப்பவை அதே அமிலங்கள் என்பதால் எடை மட்டும் அப்படியே இருந்தது.

பேராசிரியையிடம் கெஞ்சிப் பத்து நாள் வாங்கினேன். அண்ணாச்சி சரியான வரிசையில் மறுபடி செய்து தந்தார். நிறம் காட்டும் கடைசித் திரவத்தைத் தட்டில் ஊற்றிவிட்டு, பார்க்கத் தைரியமில்லாமல் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றேன்.

"வந்துட்டு பிள்ள, மஞ்ச வந்துட்டு!"

தட்டில் குணமானவர்களின் ரத்தம் விட்ட குழிகள் எல்லாம் மஞ்சள். காய்ச்சலே வராதவர்களுடையவை வெள்ளை. அப்பாடா! ஸ்டூலில் உட்கார்ந்து, கையுறையைக்கூடக் கழற்றாமல் அழுதேன்.

"அப்போ முதல்ல ஆரு செஞ்ச தப்பு?" என்று கேட்டார் பேராசிரியை. அண்ணாச்சி வாயைத் திறப்பதற்குள், "நான்தான் மேடம், முழுக்க என் தப்பு" என்றேன். சிரிப்பை அடக்கவே முடியவில்லை.