எட்டு றாத்தல் பாலன்

மாவைச் சுண்டுப் பேணியில் நிரப்பி, ஒரு தட்டுத் தட்டி, இறங்கிய இடத்தில் இன்னொரு பிடி போட்டுவிட்டு, பத்மாசனி அக்கா வேலிக்கு மேலால் குரல் கொடுக்கிறார். "விமலேஸ், பிள்ளை நித்திரையோ? நித்திரையெண்டால் தூக்கிக்கொண்டு வா. ரவையும் நிறுக்கக் கிடக்கு."

பிள்ளை என்பது பக்கத்து வளவு விமலேஸ்வரியின் மகன் பாலன். தர்மபுரத்தில் எங்கள் வாய்க்கால் கரைக்கு அவன்தான் படிக்கல். பிறந்த அன்று மருத்துவிச்சி புனிதமலர் அவனைத் தன் தராசில் தொங்கவிட்டு, "எட்டு றாத்தல், கூடக் குறைய இல்லை" என்றார். அந்தச் சொல்லை அக்கா இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

வாரப் பத்திரிகையிலிருந்து வெட்டிய கேக் செய்முறை ஒன்று அவரிடம் இருக்கிறது. அதில் எல்லாம் றாத்தலும் அவுன்சும். அக்காவின் குசினியிலோ சுண்டு, கொத்து என்ற அளவுப் பேணிகள்தான். "சுண்டை நம்பேலாது. தட்டினால் இறங்கும், தட்டாட்டிக் குந்திக்கொண்டிருக்கும்" என்பார். ஆகவே மாமரக் கிளையில் உலக்கையை நடுவில் கட்டித் தொங்கவிட்டார். ஒரு நுனியில் பாலன் படுத்திருக்கும் ஓலைக் கடகம், மறு நுனியில் மாக் கடகம். உலக்கை சமனாக நின்றால் மா எட்டு றாத்தல். பிறகு பாலனை இறக்கிவிட்டு, மாவை இரண்டு கடகத்திலும் சமனாகப் பிரித்தால் நாலு. பிறகு இரண்டு, பிறகு ஒன்று. பக்கத்தில் நின்று நானும் தலையாட்டியிருக்கிறேன்.

ஊர்ப் பெண்களுக்கு அக்காதான் வாய்ப்பாடு. ஒரு றாத்தல் மா எத்தனை சுண்டு என்று தை மாதம் கேட்டவர்களுக்கு நாலு என்றார். மாசியில் ஐந்தரை. பங்குனி முடிவில் ஏழு. ஏனென்று கேட்டால் பதில் தயார். "வெயிலுக்கு மா காயுது. காய்ஞ்ச மாவிலை பாரமிராது."

முதற் கேக் பஞ்சாக இருந்தது. பிறகு வரவர மாவும் சீனியும் பட்டரும் சட்டி கொள்ளாமல் வந்தன. முட்டை மட்டும் செய்முறையில் சொன்ன எண்ணிக்கைதான். கடைசிக் கேக்கை வெட்டக் கோடாலியைத் தேட வேண்டியிருந்தது. பழி கோழிகளுக்குப் போயிற்று. "இப்ப அதுகள் ஏனோதானோவெண்டு இடுகுதுகள்."

அதோடு விட்டிருந்தால் நாங்கள் சிரித்துவிட்டுப் போயிருப்போம். ஒருநாள் கூட்டுறவுச் சங்கக்கடையில் வாங்கிய ஒரு றாத்தல் மாவைத் தன் றாத்தலுக்கு எதிரே தொங்கவிட்டுப் பார்த்தார். உலக்கை அக்காவின் மாப் பக்கம் பொத்தென்று சரிந்தது. "அரைவாசிக்குக் கிட்ட மனேச்சர் விழுங்கியிருக்கிறார், பாத்தியளோ" என்று வீடு வீடாகச் சொன்னார். மனேச்சர் யோகநாதன் வாயில்லாப் பூச்சி. "நான் சரியாத்தான் நிறுக்கிறன், தங்கச்சி" என்பதற்கு மேல் அவருக்குக் கதை வராது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அவரை நிற்பாட்டுவதென்று ஊர் முடிவுகட்டிவிட்டது. வேலை போனால், வேறூரிலிருந்து வந்த மனிதர் பெண்சாதி பிள்ளைகளோடு மறுபடி பெட்டி கட்ட வேண்டியதுதான்.

சனிக்கிழமை புனிதமலர் சைக்கிளில் வந்தார். அதே மாமரத்தின் கீழ் பாலனைத் தொங்கவிட்டார். "பதினாலு றாத்தல். நல்லாய்ப் பால் குடிக்கிறார் போலை."

அக்கா மாக் கடகத்தைப் பார்த்தார். பாலனைப் பார்த்தார். "இவன் எட்டெல்லோ, மிஸி?"

"அது பிறக்கேக்கை. பிள்ளையெண்டால் வளரும்தானே."

மூன்று பிள்ளை பெற்று வளர்த்தவர் அக்கா.

ஞாயிற்றுக்கிழமை கடை விறாந்தையில் ஊரே கூடியிருந்தது. யோகநாதன் தராசைத் துடைத்தபடி தலை குனிந்து நின்றார். முறைப்பாட்டுக்காரி முதலில் பேசட்டும் என்றார்கள். அக்கா இடுப்பிலிருந்த பாலனைக் கொண்டுபோய்க் கடைத் தராசின் பெரிய தட்டில் கிடத்தினார். "நிறுங்கோ, அண்ணை."

யோகநாதன் பதினாலு றாத்தலுக்குப் படிக்கல் வைத்தார். முள் நடுவில் நின்றது.

"மிஸியும் நேற்றுப் பதினாலெண்டுதான் சொன்னவா" என்றார் அக்கா, விறாந்தையில் எல்லாருக்கும் கேட்கும்படி. பிறகு பாலனைத் தூக்கிக்கொண்டு, "எனக்கு ஒரு றாத்தல் மா போடுங்கோ" என்றார்.

யோகநாதன் வழக்கம் போலத் தராசை அக்காவின் பக்கம் நன்றாகத் திருப்பி வைத்தார். அக்கா தராசுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மாவைச் சுற்றித் தருமட்டும் தெருவைப் பார்த்தபடி நின்றார்.